நின்ற பிறகு ஏறும் சூடு

கேள்வியோடு வந்தவர்களுக்குக் குன்றத்தம்மா பதில் சொன்னதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேலை சொல்லுவார். உலகம் எதற்குத் தோன்றியது என்று கேட்க வந்த ஒரு வங்கி மேலாளர், ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதமும் வந்தார். அவருக்கு ஏதோ கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மொட்டைக் குன்று ஒன்றின் அடியில் இருந்தது மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு அறை, ஒரு கிணறு, ஒரு கறுப்புக் கார். அம்மாவுக்கு ஐம்பது வயது ஆகவில்லை. கார் அவரைவிட மூத்தது. வைத்துப் பராமரிக்க முடியாமல் ஒரு குடும்பம் அதை மடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தது. மடத்தில் இருந்த மனிதர்களில் சிலரும் அப்படி வந்தவர்கள்தான்.

காருக்கு ஒரு குணம் உண்டு. காலையில் தொட்டதும் கிளம்பும். வெயிலில் ஓடிப் போய் ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் அவ்வளவுதான், மறுபடி கிளம்பாது. ஆஸ்பத்திரி வாசலில், அரிசிக் கடை வாசலில், கல்யாண மண்டப வாசலில் என்று அது அம்மாவின் மானத்தை வாங்காத இடம் கிடையாது. பக்தர்கள் ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பேட்டரி மாற்றினார்கள். மூச்சு வாங்கத் தள்ளினார்கள். பொழுது சாய்ந்து காற்றடித்ததும் அது தானாகவே கிளம்பும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவருக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

கோமதிநாயகம் மடத்துக்கு வந்தது சென்ற ஐப்பசியில். அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நெடுங்காலம் கார் ஒர்க் ஷாப் வைத்திருந்தவர். மனைவி ஆவுடைத்தாய் இறந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காலையில் ஒர்க் ஷாப் ஷட்டரைத் தூக்கப் போனவருக்குக் கை எழவில்லை. வீட்டுக்குத் திரும்பினார். வீட்டுக்குள்ளும் இருக்க முடியவில்லை. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மடத்தில் தண்ணீர் இறைத்தார், வாசல் பெருக்கினார். காரைச் சுற்றிலும் பெருக்குவார். காரைத் தொட மாட்டார். அம்மாவும் அவரிடம் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சித்திரையில் ஒரு நாள் அவருடைய மருமகன் வேல்ச்சாமி வந்தான். ஒரே மகள் மாரிச்செல்வியைக் கட்டியவன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாமா, அவளுக்கு ஏழாம் மாசம். வாற வெள்ளிக்கிழமை வளைகாப்பு."

"சந்தோசம்ப்பா."

"தலப்பிரசவம். வளையல் போட்டதும் பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்லா? அத்தை இருந்தா அவங்க வந்திருப்பாங்க. இப்ப நீங்கதான் வந்து கூப்பிடணும்."

கோமதிநாயகத்தின் கை இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தது.

"அவ சொல்லி அனுப்பலை மாமா. நானாத்தான் வந்தேன். உங்க பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதா."

"என்னதான் சொல்லுதா?"

வேல்ச்சாமி தரையைப் பார்த்தான். "அத்தையச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வந்த வண்டி அன்னைக்கு வாசல்ல கிளம்பாம நின்னுபோச்சுல்லா. நீங்க பானெட்டைத் திறந்து ரிப்பேர் பாத்தீங்க. அவ நடையில நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா. 'வண்டிக்குள்ள எங்கம்மா கெடக்கா, எங்கப்பா ரிப்பேர் பாக்காரு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அம்மாவுக்கு அழாத மனுசன் எனக்கா வரப்போறாரு'ங்கா."

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவன் போல அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று முழுக்கக் கோமதிநாயகம் சாப்பிடவில்லை. சாயங்காலம் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் எதிரே போய் நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"மக சொல்லுதது நெசந்தான். நான் அழலை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரத்தத்துக்கு ஓடினேன். சுடுகாட்டுக்கு விறகு சொல்ல ஓடினேன். பதினாறாம் நாள் பந்தியில நான்தான் இலை இலையாப் பாத்துப் பரிமாறினேன். கல்லு மாதிரி நிக்காருன்னு எல்லாரும் மெச்சினாங்க. எல்லாம் முடிஞ்ச பெறகு ஒரு ஷட்டரைத் தூக்க முடியலை. அவ இல்லாத வீட்டைத் திறக்கவும் முடியலை. மகளைக் கூப்பிடப் போவணும்னு நெனைக்கேன், காலு வரமாட்டேங்கு. நான் கல்லுதானாம்மா?"

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"கார்ல என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க. பெறகு பேசுவோம்."

"நான் அந்த வேலைய விட்டாச்சும்மா."

"நானுந்தான் கணக்கு டீச்சர் வேலைய விட்டு வந்தேன். எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசின்னு இன்னைக்கும் நான்தான் கணக்குப் பாக்கேன்."

அதற்கு மேல் அம்மா நிமிரவில்லை. கோமதிநாயகத்துக்குக் கோபம்தான் வந்தது. மனைவியைப் பற்றிக் கேட்டால் காரைப் பற்றிச் சொல்கிறார்களே என்று இரவெல்லாம் புரண்டார். ஆனாலும் விடிந்ததும் பானெட்டைத் திறந்தார்.

பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். வயர்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பேட்டரி, காயில், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தார். சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பி, ஒரு குறையும் இல்லாத வீட்டுப் பிள்ளை போல அமைதியாக ஓடியது.

"கோளாறு ஒண்ணும் இல்லம்மா."

"கோளாறு இல்லாத வண்டியத்தான் இத்தனை நாளா ஊர்கூடித் தள்ளினோமா?"

"இது ஆறிக் கெடக்கயில தெரியாதும்மா. ஓடணும், சூடாகணும், நின்னு கிளம்பமாட்டேன்னு அடம் பிடிக்கணும். அந்த நேரத்துல திறந்து பாத்தாத்தான் தெரியும். ஆறின பெறகு பாக்கவனுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"அப்ப ஓட்டுங்க. நானும் வாறேன்."

உச்சி வெயிலில் கிளம்பினார்கள். முதல் கியரை இரண்டு தரம் தப்பாகப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு, வலது பக்கம், நேராக, இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு பிரிவு ரோட்டில் கோமதிநாயகம் வேகத்தைக் குறைத்தார்.

"அம்மா, இது மக ஊருக்குப் போற ரோடு."

"தெரியும்."

"வேண்டாம்மா."

"வண்டி சூடாகணும்னா தூரம் போவணும்லா?"

அவர் ஓட்டினார். ஊர் நெருங்க நெருங்கக் கார் மெதுவாகிக்கொண்டே வந்தது. அது காரின் குற்றமில்லை. ஊருக்கு வெளியே ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு மர நிழல்கூட இல்லாத இடத்தில், அவரே எஞ்சினை அணைத்துவிட்டார். அங்கிருந்து பார்த்தாலே மகள் வீட்டு மாடியில் இருக்கும் நீலத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

"இதுக்கு மேல என்னால முடியாதும்மா."

அம்மா பாட்டிலில் இருந்ததில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் கொடுத்தார். அவரும் குடித்தார். நீலத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பார்க்கத் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திரும்பிருவோம்மா."

"சரி, திருப்புங்க."

சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது, கிளம்பவில்லை. மறுபடி திருப்பினார். ஆக்ஸிலேட்டரைப் போட்டு மிதித்தார். இப்படி மிதிக்காதீங்க என்று வாடிக்கைக்காரர்களை வாழ்நாளெல்லாம் திட்டிய மனிதர் அவர். இப்போது அவருக்கு அங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது.

"கிளம்ப மாட்டேங்கும்மா."

"நல்லதாப் போச்சு. இப்பப் பாருங்க."

வேறு வழியில்லை. இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். அனல் முகத்தில் அடித்தது.

பிளக் வயர் ஒன்றைக் கழற்றித் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "செல்ஃப் அடிங்கம்மா" என்றார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். நீலப் பொறி பறந்தது.

"கரண்ட் இருக்கு."

வயரை மாட்டினார். கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் பைப்பைக் கழற்றிக் காலிப் பாட்டிலுக்குள் விட்டார். "இன்னொரு தரம்."

பைப்பிலிருந்து புஸ் என்று காற்று வந்தது. அடியில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் பெட்ரோல். டேங்க் நிறைய இருந்தது, ஆனால் இங்கே வரவில்லை. பைப்பை மாட்டிவிட்டு, அதை விரலால் தடவிக்கொண்டே போனார். புகைக்குழாயை ஒட்டி அது வளைந்து போகும் இடத்தில் விரல் சுட்டது. கையை உதறினார்.

"என்ன அண்ணாச்சி?"

"பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிட்டும்மா. பெட்ரோலை இழுக்குத பம்புக்குள்ள பூரா ஆவி. ஆவிய இழுத்து எஞ்சின் ஓடாது."

"ஓடி வரயில கொதிக்கலையா?"

"ஓடையில சூடு இருக்கும்மா, ஆனா தங்காது. காத்தாடி சுத்தும், தண்ணி சுத்தும், புது பெட்ரோல் வந்துகிட்டே இருக்கும். நிறுத்தினா எல்லாம் ஒண்ணா நின்னுரும். அதுவரைக்கும் ஓடின சூடு போக வழி இல்லாம உள்ள நிக்கும். நிறுத்தின பெறகுதாம்மா சூடு ஏறும்."

அம்மா தலையாட்டினார். கோமதிநாயகம் பானெட்டைப் பிடித்தபடியே நின்றார். 

"அன்னைக்கும் இப்படித்தாம்மா நின்னேன்."

"ம்."

"அவளை வண்டியில ஏத்தியாச்சு. வண்டி கிளம்பலை. டிரைவர் வேற வண்டிக்குப் போன் போட்டுக்கிட்டு நிக்கான். தகரம் கொதிக்குது. அவளுக்கு வெயில் ஆகாதும்மா. வெயில்ல கொஞ்ச நேரம் நின்னாலும் தலைவலி வந்து ரெண்டு நாளைக்குப் படுத்துருவா. அதான் நான்..."

பானெட்டை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தார்.

அம்மா கீழே இறங்கி வந்தார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு என்ன செய்யணும்?"

"ஈரத் துணிய பம்பு மேல போட்டு ஆறவிடணும். பெறகு மடத்துல போயி பைப்பைத் தள்ளிக் கட்டணும்."

"தண்ணி தீந்துபோச்சே. நான் போய் வாங்கிட்டு வாறேன்."

"நீங்க இருங்கம்மா, நான் ஓடிப்போயி..."

"நீங்க உக்காருங்க."

அம்மா அப்படி அதட்டி அவர் கேட்டதில்லை. ஓடைப்பாலத்துச் சுவரில் உட்கார்ந்தார். அம்மா வெயிலில் ஊரைப் பார்த்து நடந்து போனார்.

யாரும் இல்லை. சூடான இரும்பு ஆறும்போது எழுப்பும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடிப் போய்ச் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. வாங்கி வர மருந்து இல்லை, சொல்லிவிட ஆள் இல்லை, பரிமாற இலை இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. "ஆவுடை" என்று ஒரு தரம் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. வாய்விட்டு, தோள் குலுங்க, அந்த வயதில் ஒரு ஆண் பிள்ளை நடுரோட்டில் அழக்கூடாத அழுகை அழுதார்.

அவர் தலை நிமிர்ந்தபோது இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மகள் வீட்டிலேயே தண்ணீர் வாங்கிக்கொண்டு அம்மா இடுப்பில் குடத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு மாரிச்செல்வி. முகம் வெளுத்து, வயிறு முன்னே தள்ளி, ஆவுடைத்தாயைப் போலவே ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அவர் அவசரமாக முகத்தைத் துடைக்கப் பார்த்தார். துண்டு அம்மாவிடம் இருந்தது.

"இப்ப அழுவுதீயளாக்கும்?" என்றாள் மகள். "அன்னைக்கு எங்கம்மா உள்ள கெடக்கையில வண்டி பாத்துக்கிட்டு நின்னீய. வந்த சனம் எல்லாம் என் மூஞ்சியப் பாத்துச்சு. உங்கப்பாவுக்குக் கல்லு மனசுன்னு என்கிட்டயே சொன்னாங்க. இப்ப என்னத்துக்கு அழுவுதீய?"

அவர் திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தார். 

அவள் குன்றத்தம்மாவின் பக்கம் திரும்பினாள்.  "சொல்லுங்கம்மா. அன்னைக்கு அழாத மனுசன் இன்னைக்கு ஏன் அழுவுதாரு?"

அம்மா துண்டைக் குடத்தில் முக்கிப் பம்பின் மேல் போர்த்திக்கொண்டிருந்தார். புகை போல ஆவி எழுந்தது. அவர் திரும்பவில்லை.

"அன்னைக்கு ஓடிக்கிட்டு இருந்தாரு தாயி. இப்பத்தான் நின்னிருக்காரு."

மாரிச்செல்வி அப்பாவைப் பார்த்தாள். இவ்வளவு மெலிந்துபோவார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மெல்ல வந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடையை அவர் தலைக்கு மேல் சாய்த்தாள்.

"எனக்கு எதுக்கு? உனக்குப் பிடிச்சுக்கோ தாயி," என்றார் அவர். "உங்கம்மாவுக்கும் வெயில் ஆகாது. அன்னைக்கு அந்தத் தகரத்துக்குள்ள அவளைப் போட்டுவச்சிருந்தாங்க..."

மகள் அவரையே பார்த்தாள்.

"அதுக்காவா யப்பா வண்டியத் திறந்தீய?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் குடையை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமாக அவளும் கோபத்திலேயே ஓடிக்கொண்டிருந்தவள்தான். அவர் அவள் முதுகைத் தடவினார். கிரீஸ் பட்ட கை, புடவையில் கறையாயிற்று. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் அவள் கையை நீட்டினாள்.

"வீட்டுச் சாவி எங்க?"

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"இத்தனை நாள் பூட்டிக் கெடந்தா பூராத் தூசியும் பல்லியுமாத்தான் கெடக்கும். வெள்ளிக்கிழமை நீங்க வந்து கூப்பிட்டா, அங்கதானே நான் வந்து இருக்கணும். அதுக்குள்ள தூத்துத் துடைக்க வேண்டாமா?"

கோமதிநாயகம் சட்டென்று எழுந்துவிட்டார். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். ஒர்க் ஷாப்பில் நின்ற பழைய மனிதர் போலக் குரல் மாறிவிட்டது.

"இப்பவே போயிருவோம். வெள்ளையடிக்க ஆளைப் பிடிக்கணும். தொட்டியக் கழுவணும். கட்டில் கயிறு வேற இத்துப்போச்சு. போற வழியில வளையக்காரர்கிட்டச் சொல்லிட்டு, அப்படியே சமையலுக்கும் ஒரு ஆள..."

பேசிக்கொண்டே டிரைவர் சீட்டுக்கு ஓடினார். கை சாவியைத் தேடிப் போனது.

அம்மா துண்டின் மேல் ஒரு கை தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றார். "இன்னும் ஆறலை."